பவளத்துக்கு எவ்வளவு வெயில்?

ஈப்போவில் கடிகாரம் பன்னிரண்டு காட்டும்போது சூரியன் இன்னும் உச்சிக்கு வந்திருக்காது. 1982 ஜனவரி முதல் தேதி தீபகற்ப மலேசியா தன் நேரத்தை அரை மணி முன்னே தள்ளி சபா, சரவாக்குடன் ஒன்றாக்கிக்கொண்டது. அதனால் இங்கே உண்மையான நண்பகல் ஏறக்குறைய ஒன்றேகால் மணிக்குத்தான் வருகிறது. பிப்ரவரியில் அது ஒன்றரை வரை தள்ளிப்போகும். நவம்பர் தொடக்கத்தில் ஒரு மணிக்கே வந்துவிடும். ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் இரண்டாம் வாரத்திலும் அந்த வேளையில் வெளியே போய் நின்றால் நிழல் காலடிக்குள் ஒடுங்கிக் கிடக்கும். மேகமில்லாத நாளில், தாவரங்களும் பாசிகளும் உணவு தயாரிக்கப் பயன்படுத்தும் ஒளி அப்போது தரையில் சுமார் 2000 அலகு விழுகிறது.

அந்த அலகைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த அத்தியாயம் முழுக்க அது வரும். ஒளியைத் துகள்களாக எண்ணலாம். அவற்றுள் 400 முதல் 700 நானோமீட்டர் வரை அலைநீளம் உள்ளவைதான் ஒளிச்சேர்க்கைக்கு உதவுகின்றன. ஒரு சதுர மீட்டர் பரப்பில், ஒரு நொடியில், அத்தகைய துகள்கள் எத்தனை விழுகின்றன என்பதை மைக்ரோமோல் கணக்கில் சொல்கிறார்கள். ஒரு மைக்ரோமோல் என்றால் 6 எழுதிப் பின்னால் 17 சுழியம் போட வேண்டும். வீட்டில் பவளம் வளர்ப்பவர்கள் இதைச் சுருக்கிப் 'பார்' என்கிறார்கள். பவளத் தொட்டி வைத்திருக்கும் இருவர் சந்தித்தால் சீக்கிரமே வந்துவிடும் கேள்வி, "உங்கள் தொட்டியில் பார் எவ்வளவு?" என்பதுதான்.

இந்த எண்ணைக் கண்ணால் மதிப்பிட முடியாது. சுங்கை சிப்புட், கோலகங்சார் பக்கம் இன்னும் மிஞ்சியிருக்கும் முதிர்ந்த பால்மரத் தோட்டம் ஒன்றுக்குள் மத்தியான வெயிலில் நுழைந்து பாருங்கள். நிரைகளுக்கு இடையே நடக்கும்போது இதமாக இருக்கும். புத்தகம் வாசிக்கலாம், இலை நரம்பை எண்ணலாம், இருட்டு என்றே தோன்றாது. ஆனால் இலைக்கூரை வெளிச்சத்தின் பெரும்பகுதியை மேலேயே விழுங்கிவிட்டிருக்கும். கீழே வந்து சேர்வது வெட்டவெளியில் விழுவதில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் இரண்டு பங்கு. 2000 என்பது 200 ஆகிவிட்டது. கண்ணோ, பாப்பாவைக் கொஞ்சம் விரித்து அந்த வித்தியாசத்தை நம்மிடம் சொல்லாமலே சரிக்கட்டிவிட்டது. வீட்டுத் தொட்டியில் வளரும் பெரும்பாலான பவளங்களுக்கு வேண்டியது அந்தத் தோட்டத்து நிழலின் அளவு வெளிச்சம்தான். பலவற்றுக்கு அதிலும் பாதி போதும். இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வந்ததே இதுதான். வெளிச்சம் போதாமல் இறந்த பவளத்தைவிட, பாசத்தோடு அள்ளிக் கொட்டிய வெளிச்சத்தில் வெந்து இறந்த பவளமே அதிகம் என்பது என் எண்ணம்.

பவளம் ஒரு விலங்கு. அதற்கு வெளிச்சம் எதற்கு? அதன் உடல் திசுவுக்குள், உயிரணுக்களுக்கு உள்ளேயே, ஒற்றைச் செல் பாசிகள் குடியிருக்கின்றன. ஒரு சதுர சென்டிமீட்டர் பவளப் பரப்பில் பத்து லட்சம் பாசிகள் இருப்பது சாதாரணம். அவை ஒளிச்சேர்க்கை செய்து உண்டாக்கும் சர்க்கரையிலும் கொழுப்பிலும் பெரும்பங்கைப் பவளத்துக்குக் கொடுத்துவிடுகின்றன. மிதவை உயிரிகளைப் பிடித்துத் தின்னும் கொடுக்குகள் பவளத்துக்கு உண்டு என்றாலும், ஆழமற்ற கடலில் அதன் அன்றாடச் செலவுக்கு வேண்டிய ஆற்றலில் மிகப் பெரும்பகுதி இந்தப் பாசிகளிடமிருந்தே கிடைக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க அறிவியலுக்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன. 1928இல் சார்லஸ் யங் என்ற பிரிட்டிஷ் விலங்கியலாளர் ஒரு குழுவோடு ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டுக்குப் போய், லோ தீவுகளில் ஓராண்டுக்கு மேல் தங்கினார். ஒளி புகாத பெட்டியில் பவளங்களை மாதக்கணக்கில் அடைத்து வைத்துப் பார்த்தார். பாசிகள் அழிந்து பவளங்கள் வெளிறின. ஆனால் பல உயிரோடு இருந்தன. அதைக் கண்டு, பவளம் முழுக்க முழுக்க ஊனுண்ணி, பாசி அதன் கழிவை அகற்ற மட்டுமே உதவுகிறது என்று முடிவு கட்டினார். ஏறத்தாழ அதே காலத்தில் பலாவ் தீவில் இருந்த ஜப்பானிய ஆய்வு நிலையத்தில் சிரோ கவகுத்தி பவளத்தின் ஒளிச்சேர்க்கையை அளந்துகொண்டிருந்தார். 1950களின் இறுதியில் ஜமைக்காவில் தாமஸ் கோரோ கதிரியக்கக் கால்சியத்தைப் பயன்படுத்தி, இருட்டில் இருப்பதைவிட வெளிச்சத்தில் பவளம் பல மடங்கு வேகமாகச் சுண்ணாம்பு எலும்பைக் கட்டுகிறது என்று காட்டினார். அதன் பிறகுதான் யங்கின் கருத்து பின்வாங்கியது. நம் பக்கத்துச் செய்தி ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். உலகின் பவள ஆய்வாளர்கள் பவளத்துக்காகவே கூடிய முதல் பன்னாட்டுக் கருத்தரங்கு 1969 ஜனவரியில் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் முகாமில் நடந்தது. இன்றுவரை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நடந்துவரும் பன்னாட்டுப் பவளத்திட்டுக் கருத்தரங்குகளின் வரிசையில் அதையே முதலாவதாக எண்ணுகிறார்கள்.

வெளிச்சம் கூடக்கூடப் பாசியின் உற்பத்தியும் கூடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஒரு கட்டம் வரை அது சரி. முழு இருட்டில் பவளம் மூச்சுவிட மட்டும் செய்கிறது, சேமிப்பு கரைகிறது. சில பத்து மைக்ரோமோல் வெளிச்சம் வந்ததும் வரவும் செலவும் சமமாகின்றன. அதற்கு மேல் வெளிச்சம் ஏற ஏற உற்பத்தி நேர்கோட்டில் ஏறுகிறது. பிறகு கோடு வளைகிறது. பல பவளங்களில் 100க்கும் 400க்கும் இடையில் எங்கோ ஓரிடத்தில் அது தட்டையாகிவிடும். பாசிக்குள் இருக்கும் இயந்திரம் தன் முழு வேகத்தை எட்டிவிட்டது. இனி எவ்வளவு ஒளி வந்தாலும் கூடுதலாக ஒரு துளி சர்க்கரை கிடைக்காது. அதற்கு மேல் விழும் துகள்களும் சும்மா போவதில்லை. பச்சையம் அவற்றை உள்ளே வாங்கிவிடுகிறது, வாங்கியதை எங்கே வைப்பது என்று தெரியாமல் திணறுகிறது. அந்த ஆற்றலில் ஒரு பகுதியை வெப்பமாக வெளியே தள்ளலாம். மிச்சம் ஆக்சிஜனோடு சேர்ந்து தீங்கான மூலக்கூறுகளாகி, ஒளியை வாங்கும் புரதங்களையே அரிக்கிறது. பாசி அந்தப் புரதங்களைப் பகல் முழுதும் பழுதுபார்த்துக்கொண்டே இருக்கும். பழுதாகும் வேகம் பழுதுபார்க்கும் வேகத்தை மிஞ்சினால் உற்பத்தி கீழே சரிகிறது.

இனிப் பேராக்கின் கடலுக்குப் போவோம். லுமுட்டிலிருந்து படகேறி பங்கோர் தீவுக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே கடல் பச்சையும் பழுப்புமாக இருக்கும். ரெடாங், தியோமான் போல இருபது மீட்டர் ஆழத்தை எட்டிப் பார்க்கிற தெளிவு கிடையாது. ஆனாலும் தெலுக் நிப்பாவுக்கு எதிரே இருக்கும் கியாம் தீவைச் சுற்றிப் பவளம் இருக்கிறது. தெற்கே செம்பிலான் தீவுகளிலும் இருக்கிறது. கலங்கிய நீரில் அவற்றுக்கு எவ்வளவு வெளிச்சம் கிடைக்கும்? கருவியே இல்லாமல் ஓரளவு கணக்கிடலாம். 1865இல் ஆஞ்செலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் போப்பாண்டவரின் கப்பலிலிருந்து ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கி, அது எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று குறித்தார். உலகம் முழுக்க மீன்வளத் துறைகள் இன்றும் செய்யும் சோதனை அது. 1.7ஐ அந்த ஆழத்தால் வகுத்தால், ஒரு மீட்டருக்கு ஒளி எந்த வீதத்தில் குறைகிறது என்பது கிடைக்கும்.

தட்டு 4 மீட்டரில் மறைகிறது என்று வைத்துக்கொள்வோம். கரையோரக் கலங்கல் நீரில் இது அபூர்வமல்ல. வீதம் 0.43. நண்பகலில் நீர்ப்பரப்புக்குச் சற்றுக் கீழே 1900 மைக்ரோமோல் இருந்தால், 3 மீட்டர் ஆழத்தில் 530தான் மிஞ்சும். 6 மீட்டரில் 150. 10 மீட்டரில் 30க்கும் கீழே. அங்கே மட்டிகளும் கடற்பஞ்சும் இருக்கலாம், திட்டுக் கட்டும் பவளத்துக்கு இடமில்லை. இதையே தெளிந்த நீரில் கணக்கிட்டால் 10 மீட்டர் ஆழத்திலும் மேற்பரப்பின் ஒளியில் பாதிக்கு மேல் எஞ்சியிருக்கும். பிரெஞ்சு பாலினேசியா போன்ற கண்ணாடிக் கடல்களில் ஒளிச்சேர்க்கையை நம்பி வாழும் பவளங்கள் 150 மீட்டருக்கும் கீழே கண்டெடுக்கப்பட்டிருக்கின்றன. சிங்கப்பூரில் நடந்தது இதன் மறுபக்கம். கடலைத் தூர்த்து நிலமாக்கும் வேலை தொடங்குவதற்கு முன், 1960களின் தொடக்கத்தில், அங்கே நீருக்கடியில் 10 மீட்டர் வரை பார்க்க முடிந்தது. இப்போது 2 மீட்டர் அளவுக்கு வந்துவிட்டது. பவளமும் ஆழத்தை விட்டு மேலே ஒதுங்கிவிட்டது.

பேராக் கடலின் கலங்கலில் நம் முன்னோர் வேலை செய்த நிலமும் சேர்ந்திருக்கிறது. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்கள் வெளியேற்றிய மணலும் சேறும் ஆறுகளைத் தூர்த்தன. பால்மரத் தோட்டங்கள் தொடங்கிய காலத்தில், மரங்களுக்கு இடையே ஒரு புல் கூட இல்லாமல் வழித்துச் சுத்தமாக வைத்திருப்பதே நல்ல தோட்டத்துக்கு அடையாளம் என்று துரைமார்கள் நம்பினார்கள். கங்காணி நிரை பிரித்துக் கொடுக்க, நம் பாட்டிமார் குனிந்த முதுகோடு புல் வெட்டினார்கள். மூடாமல் கிடந்த சரிவு மண்ணை மழை வழித்துக்கொண்டு ஓடியது. மண் போன பிறகுதான் தோட்டங்களில் மூடுபயிர்க் கொடிகளைப் படரவிடும் வழக்கம் வந்தது. அந்த மண் கிந்தா ஆற்றில் இறங்கி, பேராக் ஆற்றில் கலந்து, பாகான் டத்தோ அருகே மலாக்கா நீரிணையை அடைகிறது. மலைச்சரிவில் நடப்பது கடலடிப் பவளத்தின் வெளிச்சத்தைத் தீர்மானிக்கிறது என்பதற்கு நம் மாநிலத்தைவிட நல்ல பாடம் வேண்டியதில்லை.

கலங்கல் நீரிலும் பவளங்கள் தாக்குப்பிடிப்பது எப்படி? 1981இல் பால் ஃபால்கோவ்ஸ்கியும் ஸ்வி துபின்ஸ்கியும் அகபா வளைகுடாவில் ஒரே வகைப் பவளத்தை இரண்டு இடங்களிலிருந்து எடுத்து ஒப்பிட்டார்கள். ஒன்று வெயிலில் வளர்ந்தது; மற்றொன்று பாறை இடுக்கின் நிழலில் வளர்ந்தது. வெயில் பவளம் வெளிர் நிறம். நிழல் பவளம் அடர் பழுப்பு. பாசிகளின் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை. நிழலில் இருந்த ஒவ்வொரு பாசியும் தன்னிடம் பல மடங்கு பச்சையத்தைச் சேர்த்து வைத்திருந்தது. கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் விடாமல் பிடிக்க அது செய்துகொண்ட ஏற்பாடு. வெளிச்சத்துக்குத் தக்கபடி பச்சையத்தை மாற்றிக்கொள்ளப் பவளத்துக்கு வாரக்கணக்கில் அவகாசம் வேண்டும். இந்த ஒரு உண்மை மனத்தில் பதிந்தால் தொட்டி வைத்திருப்பவர் செய்யும் தவறுகளில் பாதி ஒழியும்.

பவளத்தின் எலும்பையும் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் அந்தச் சுண்ணாம்புக் கிண்ணத்துக்குள் மெல்லிய தகடுகள் நட்சத்திரம் போல மையத்தை நோக்கி நிற்பது தெரியும். அந்தத் தகடுகள் வெள்ளை வெளேரென்று இருக்கும். திசுவைக் கடந்து வந்த ஒளி அவற்றில் பட்டுச் சிதறி மறுபடி திசுவுக்குள் திரும்புகிறது; அங்கே தப்பினால் இன்னொரு தகட்டில் பட்டு மீண்டும் வருகிறது. ஒரே ஒளித்துகளைப் பிடிக்கப் பாசிக்குப் பல வாய்ப்புகள். நிழலில் இது பெரிய வரம். அளவுக்கு மீறிய வெயிலில் இதுவே ஆபத்து. பாசிகளில் சில செத்து வெளியேறினால், எலும்பிலிருந்து சிதறும் ஒளி முழுவதும் எஞ்சிய பாசிகள் மேல் விழுகிறது. அவை இன்னும் அதிகம் வதைபடுகின்றன, அவையும் வெளியேறுகின்றன. நேற்றுக் கொஞ்சம் வெளிறிய பவளம் இரண்டே நாளில் சுண்ணாம்பாக வெளுப்பதற்கு இது ஒரு காரணம்.

வெளுத்தல் என்றதும் கடல் வெப்பம்தான் நினைவுக்கு வரும். 2010 ஜூலையில் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தபோது தியோமான், ரெடாங், பாயார் தீவுகளின் முக்குளிப்பு இடங்கள் பலவற்றை மலேசிய அரசு மூடிவைத்தது. 2024 ஏப்ரலில் உலக அளவிலான நான்காவது வெளுத்தல் அறிவிக்கப்பட்டது. ஆனால் வெப்பம் தனியாக வேலை செய்வதில்லை. நீர் சூடானதும் பாசியின் பழுதுபார்க்கும் வேகம் குறைகிறது. நேற்றுவரை தாங்கிய அதே வெயில் இன்று அதிகமாகிவிடுகிறது. 1998இல் பசிபிக்கின் சொசைட்டி தீவுகளில் கடல் சூடேறியும் பவளங்கள் பெரிதாகச் சேதமாகாமல் பிழைத்தன. அந்த வாரங்களில் வானம் மூடியிருந்ததே காரணமாக இருக்கலாம் என்று பீட்டர் மம்பியும் அவருடைய குழுவினரும் 2001இல் எழுதினார்கள். கலங்கிய நீர் பவளத்தைப் பட்டினி போட்டாலும், சூடான ஆண்டில் குடையாகவும் நிற்கிறது. பங்கோர் போன்ற இடங்களின் மங்கலான பவளத்திட்டுகளைப் பயனற்றவை என்று ஒதுக்காமல் கவனிக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

வீட்டுத் தொட்டிக்கும் இது அப்படியே பொருந்தும். ஈப்போவில் குளிர்சாதனம் இல்லாத அறை பிற்பகலில் 30 பாகை செல்சியஸைத் தாண்டும். பம்பும் விளக்கும் தொட்டியில் இன்னும் சூட்டைச் சேர்க்கும். 26 பாகையில் ஒரு பவளம் தாங்கும் 250 மைக்ரோமோலை 31 பாகையிலும் தாங்கும் என்று நம்பக் கூடாது. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் பழுதானால், அது சரியாகும்வரை விளக்கைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். ஒரு வாரம் வெளிச்சம் குறைந்ததால் எந்தப் பவளமும் சாகாது.

கடைக்குப் போனால் விளக்கின் பெட்டியில் வாட் போட்டிருக்கும். வாட் என்பது விளக்கு இழுக்கும் மின்சாரம். அதில் எவ்வளவு ஒளியாகிறது, அந்த ஒளியில் எவ்வளவு உங்கள் பவளத்தின் மேல் விழுகிறது என்பதை அது சொல்லாது. குழல்விளக்குகள் மட்டும் இருந்த காலத்தில் லிட்டருக்கு இத்தனை வாட் என்ற கணக்கு ஓரளவு ஓடியது. எல்இடி வந்த பிறகு அதற்குப் பொருளில்லை. நீல எல்இடிக்கு வழி திறந்த அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய பவள விளக்குகள் பெரும்பாலும் அந்த நீலத்தின் மேல் நிற்பவை. நீலத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு நியாயம் உண்டு. கடல்நீர் சிவப்பை முதல் சில மீட்டர்களிலேயே உறிஞ்சிவிடும். தெளிந்த கடலில் ஆழத்துக்குப் போய்ச்சேர்வது நீலம். பவளப் பாசியின் பச்சையமும், அதற்குத் துணையாக உள்ள பெரிடினின் என்ற நிறமியும் நீலத்தையும் நீலப்பச்சையையும் நன்றாக வாங்குகின்றன.

நீல வெளிச்சத்தில் ஒரு பொறி இருக்கிறது. கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் லக்ஸ் அளவியை வைத்துத் தொட்டியை அளக்கிறார்கள். லக்ஸ் மனிதக் கண்ணுக்காகச் செய்த அளவு. நம் கண் பச்சைக்கு மிகக் கூர்மை. 450 நானோமீட்டர் நீலத்தைப் பச்சையோடு ஒப்பிட்டால் நூற்றுக்கு நான்கு பங்கு அளவில்தான் உணர்கிறது. சூரிய ஒளியில் ஒரு மைக்ரோமோலுக்குச் சுமார் 54 லக்ஸ். தனி நீலத்தில் அதே ஒரு மைக்ரோமோலுக்கு 7 லக்ஸ் மட்டும். லக்ஸ் அளவியும் உங்கள் கண்ணும் ஒரே பொய்யைச் சொல்லும்: "இங்கே வெளிச்சம் போதவில்லை." உடனே விளக்கை ஏற்றுகிறோம். அந்தப் பொய்க்குப் பலியாவது பவளம். பார் அளவி விலை அதிகம். ஆனால் ஒரு தொட்டிக்கு அது ஒருமுறை இருமுறைதான் தேவைப்படும். நாலைந்து பேர் சேர்ந்து ஒன்றை வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதே புத்திசாலித்தனம்.

அளவியின் உணர்வானை நீருக்குள் இறக்கிப் பார்த்தால்தான் தொட்டியின் நிலப்படம் விளங்கும். 60 சென்டிமீட்டர் உயரத் தொட்டியில் விளக்குக்கு நேர் கீழே, நீர்ப்பரப்பை ஒட்டி 350 இருக்கும் இடத்தில், நடுவில் 180, மணலில் 90, மூலையில் 50 என்று காணலாம். அரை மீட்டர் நீர் அவ்வளவு ஒளியைக் குடிப்பதில்லை. விளக்கிலிருந்து தள்ளிப்போகப்போக ஒளி விரிந்து நீர்த்துப்போகிறது. ஆகவே 'என் தொட்டியில் பார் 200' என்ற பேச்சுக்கு அர்த்தமில்லை. எந்த இடத்தில் என்று சொன்னால்தான் அது அளவு. மேலே வளர்ந்த கிளை கீழே இருப்பதற்கு நிழல் போடும். ஆறு மாதத்தில் படம் மாறிவிடும்.

இந்தப் படத்தை வைத்துக்கொண்டு யாரை எங்கே குடியமர்த்துவது? காளான் பவளத்துக்கு 50ஐ ஒட்டிய இடம் போதும். 100 தாண்டினால் சுருங்கும். சோவாந்தஸ் போன்ற பொத்தான் பவளங்களும் தோல்பவளங்களும் 60 முதல் 150 வரை எங்கு வைத்தாலும் வாழும். டார்ச், ஹேமர் என்று கடையில் விற்கும் பெரிய வாய்ப் பவளங்களை 80க்கும் 150க்கும் இடையே, நீரோட்டம் மிதமாக இருக்கும் இடத்தில் வையுங்கள். அக்ரோபோரா போன்ற கிளைப் பவளங்களுக்கு 200 முதல் 350. இவற்றுக்கு மேலும் கொடுத்து வளர்ப்பவர்கள் உண்டு. நீரின் தரத்தையும் வெப்பத்தையும் கடிகாரம் போலக் காப்பவர்களுக்கு அது நடக்கும். தொடங்குபவர் 250ஐ உச்ச வரம்பாக வைத்துக்கொண்டால் இழப்பதற்கு ஒன்றுமில்லை.

இத்தனை மைக்ரோமோல் என்பது ஒரு நொடியின் கணக்கு. பவளம் வாழ்வது நாள் கணக்கில். மலேசியாவில் மேகமும் மழையும் போக, வெட்டவெளியில் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 30 மோலுக்குச் சற்று மேலே ஒளி விழுகிறது. நாம் மேலே கணக்கிட்ட கலங்கல் கடலில் 3 மீட்டர் ஆழத்தில் இருக்கும் பவளத்துக்கு அதில் ஏறத்தாழ 9 மோல் கிடைக்கும். 6 மீட்டரில் இருப்பதற்கு இரண்டரை. தொட்டியில் 100 மைக்ரோமோலை 8 மணி நேரம் எரியவிட்டால் 2.9 மோல், 300ஐ அதே 8 மணி நேரம் எரியவிட்டால் 8.6. அதாவது நம் கடலின் மேட்டுப் பவளமும் பள்ளத்துப் பவளமும் பெறும் அளவுகளுக்கு உள்ளேயே வீட்டுத் தொட்டி அடங்கிவிடுகிறது. சூரியனோடு போட்டி போடும் விளக்கு யாருக்கும் தேவையில்லை. இங்கே ஆண்டு முழுதும் பகல் பன்னிரண்டு மணி நேரம்தான், கூடினால் அரை மணிக்கும் குறைவு. அதிலும் காலையும் மாலையும் மங்கல். முழு வெளிச்சம் 8 மணி, முன்னும் பின்னும் ஒவ்வொரு மணி மங்கல் நீலம் என்று அமைத்தால் போதும். வேலையிலிருந்து வீடு திரும்பிய பிறகு பார்த்து மகிழ விரும்புபவர், மத்தியானத்தில் தொடங்கி இரவு பத்துக்கு அணையும்படி நேரத்தைத் தள்ளி வைக்கலாம். நள்ளிரவுவரை நீட்டக் கூடாது. இருட்டும் பவளத்துக்குத் தேவை.

ஜன்னலோரத்தில் வைத்து நிஜ வெயிலையே கொடுத்தால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். அதற்கு முன்னோடி நம் வட்டாரத்துக்காரர். ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங், திட்டிலிருந்து எடுத்த உயிருள்ள பாறைகளையும், காற்றுக் குமிழியையும், வெயிலையும் மட்டும் வைத்துப் பவளங்களை வளர்த்தார். 1961இல் அவர் அதை ஓர் அமெரிக்க மீன் வளர்ப்பு இதழில் எழுதினார். இன்று உலகம் முழுதும் தொட்டிகளில் உயிர்ப்பாறை வைக்கும் வழக்கத்துக்கு மூலம் அவர்தான். ஆனால் ஈப்போ வீட்டு ஜன்னலில் வெயில் நேராக விழும் ஒரு மணி நேரம் அந்தச் சின்னத் தொட்டியைச் சூடேற்றிவிடும். சன்னமான திரை போட்ட கிழக்கு ஜன்னல், ஓரமாகப் படும் காலை வெயில், அது மட்டும் துணை ஒளியாக இருந்தால் கெடுதலில்லை.

புதுப் பவளம் வீட்டுக்கு வந்ததும் அதை அழகான உச்சிப் பாறையில் வைக்கத்தான் கை போகும். அது கடையில் எந்த வெளிச்சத்தில் இருந்தது, அதற்கு முன் பெட்டிக்குள் எத்தனை நாள் இருட்டில் கிடந்தது என்பது நமக்குத் தெரியாது. மணலில் வையுங்கள். இரண்டு வாரம் கழித்து ஒரு படி மேலே. இன்னும் இரண்டு வாரம் கழித்து அதன் இடத்துக்கு. புது விளக்கு வாங்கினால் பழைய வெளிச்சத்தின் அளவிலிருந்தே தொடங்கி, ஒரு மாதத்தில் மெல்ல ஏற்றுங்கள். யாரும் கவனிக்காத இன்னொரு ஆபத்து, நீரைத் தெளிவாக்கப் போடும் கரி. நாளடைவில் தொட்டி நீர் லேசாக மஞ்சளிக்கும். அந்த மஞ்சள் நீலத்தைக் குடிக்கும். புதுக் கரி போட்ட மறுநாள் நீர் பளிச்சென்று ஆகும், வெளிச்சம் சட்டென்று கூடும், பவளம் வெளிறும். விளக்கின் கண்ணாடியில் படிந்த உப்பைப் பல மாதம் கழித்துத் துடைத்தாலும் இதேதான் நடக்கும். துடைக்கும் அன்று விளக்கைக் கொஞ்சம் குறைத்துவிட்டுத் துடையுங்கள்.

பவளம் தன் நிலையை நிறத்தில் சொல்கிறது, ஆனால் அவசரப்பட்டு வாசிக்கக் கூடாது. பழுப்பேறினால் வெளிச்சம் குறைவு என்று முடிவு கட்டுகிறார்கள்; நீரில் நைட்ரேட் கூடினாலும் பாசி பெருகிப் பவளம் பழுப்பேறும். கழுத்தை நீட்டி விளக்கை நோக்கி வளர்ந்தால் அது பசி. நுனிகள் வெளிறி, கொடுக்குகளைப் பகலில் உள்ளே இழுத்துக்கொண்டால் வெளிச்சம் அதிகம். மேட்டில் வாழும் பவளங்கள் பச்சை, ஊதா, இளஞ்சிவப்பு என்று மிளிரும் புரதங்களை உண்டாக்கிக்கொள்வது வெயிலிலிருந்து பாசியைக் காக்கத்தான். நாம் மயங்கும் அழகான நிறம் சில வேளை ஒரு பவளத்தின் தற்காப்பு. வெளுக்கும் தறுவாயில் சில பவளங்கள் முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு மிளிர்வதும் உண்டு. அதைப் படமெடுத்து மகிழ்வதற்கு முன் விளக்கைக் குறைக்க வேண்டும்.

கடைசியாக, பவளத்தை எங்கிருந்து வாங்குவது என்பது வெளிச்சத்தோடு சேர்ந்த கேள்வி. கல்பவளங்கள் அனைத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளன. நாடு கடந்து வர உரிமம் வேண்டும். மலேசியாவில் 2008ஆம் ஆண்டின் அழிந்துவரும் உயிரின வணிகச் சட்டம் அதைக் கண்காணிக்கிறது. கடல் பூங்காக்களில் ஒரு துண்டை எடுப்பதும் 1985ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டப்படி குற்றம். இந்தியாவில் திட்டுக் கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. தமிழகத்து வாசகர் இந்தப் பொழுதுபோக்கை வாசித்து ரசிக்கலாம். ராமேஸ்வரம், தூத்துக்குடி கடலிலிருந்து ஒரு கிளையும் வீட்டுக்கு வரக் கூடாது.

பங்கோரிலிருந்தும் எடுக்காதீர்கள். பூங்கா எல்லைக்கு வெளியே என்றாலும் எடுக்காதீர்கள். அந்த மங்கிய வெளிச்சத்தில் பத்து சென்டிமீட்டர் வளர அது பட்ட பாடு பெரிது. ஈப்போவிலும் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் தங்கள் தொட்டியில் வளர்ந்த பவளத்தை வெட்டித் துண்டாக்கிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடமே வாங்குங்கள். விலையைக் கேட்பதற்கு முன், இந்தத் துண்டு எத்தனை மைக்ரோமோலில் வளர்ந்தது, நாளுக்கு எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவரிடம் வாங்கிய பவளம் உங்கள் வீட்டில் பிழைக்கும்.